அம்மாவின் ஒன்றரை மில்லிமீட்டர்

எங்கள் வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் இருக்கின்றன. ஒன்று வரவேற்பறையில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு இணையம் தருகிறது. மற்றொன்று கார் நிறுத்தும் இடத்தில், ஒரு மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. "ரௌட்டருக்கு மேசை செய்துகொண்டிருக்கிறேன்" என்று வானொலி நிலையத்தில் சொன்னபோது, "வைஃபை பெட்டிக்கு எதற்குத் தனி மேசை?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

மரவேலைக்காரர்களின் ரௌட்டர் வேறு. அது கையில் பிடிக்கும் ஒரு மோட்டார். அதன் முனையில் 'பிட்' எனப்படும் வெட்டுமுனையை மாட்டினால், நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 முறை வரை சுழன்று மரத்தைக் குடையும். அலமாரிக் கதவின் வளைந்த விளிம்பு, பலகை சொருகும் பள்ளம், படச்சட்டத்தின் வரிகள் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கருவியின் கைவண்ணம்தான். கையில் பிடித்து ஓட்டும்போது மரம் நிற்கும், கருவி நகரும். மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்திவிட்டால் கருவி நிற்கும், மரம் நகரும். சின்னத் துண்டுகளையும் நீளமான சட்டங்களையும் இரண்டு கையாலும் ஒரே சீராகத் தள்ளலாம். ரௌட்டர் மேசையின் பயன் இவ்வளவுதான்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கி, ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து பேசிச் சம்பாதிக்கும் எனக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் ஒரு சாமி மாடம். சிரம்பானுக்கு வெளியே புதிதாக வாங்கிய தொடர்வீட்டில் அம்மாவுக்கு ஒரு மாடம் வேண்டியிருந்தது. கடையில் கிடைத்தவை ஒன்று மிகப் பெரிதாக இருந்தன, இல்லையென்றால் பளபளவென்று பிளாஸ்டிக் போல இருந்தன. நானே செய்கிறேன் என்றேன். ரப்பர் மரப் பலகை வாங்கி வந்தேன். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

"பால் மரத்துலயா சாமிக்கு மாடம் செய்யப் போற?" என்றார் அம்மா. "அது வெறகு பாப்பா."

விறகாக இருந்த மரம்

அம்மா சொன்னது தப்பில்லை. அவர் ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பதினைந்து வயதில் பால் மரம் சீவப் போனவர். இருபது வருடங்களுக்கு மேல் சீவினார். அந்தக் காலத்துத் தோட்டத்தில் பால் மரத்துக்கு ஒரே மரியாதை, பால் தரும் வரைக்கும்தான். நட்டு ஆறேழு வருடத்தில் சீவத் தொடங்குவார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் ஆனதும் பால் குறையும். பிறகு மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு. சாய்ந்த மரம் லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூண்டுக்கும், செங்கல் சூளைக்கும் போகும். மிச்சத்தை அங்கேயே கொளுத்திவிடுவார்கள்.

பலகையாக அறுக்க யாரும் நினைக்காததற்குக் காரணம் இருந்தது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். அறுத்துப் போட்ட சில நாட்களில் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். துளைக்கும் வண்டும் வந்துவிடும். அறுத்த உடனே போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்தினால் இரண்டையும் தடுக்கலாம் என்பது நடைமுறைக்கு வந்த பிறகுதான், 1970களின் கடைசியிலும் 1980களிலும், விறகு பலகையானது. கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகம் இந்த மரத்தைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறது. இன்று ஜொகூரின் மூவாரில் இருந்து கப்பல் ஏறும் மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த மரம்தான். பாலுக்காகவே ஒட்டுரகங்களை உருவாக்கி வந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், பிறகு பாலும் பலகையும் சேர்ந்து தரும் ரகங்களை ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசையில் வெளியிட்டது.

1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த வருடம் அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதற்குப் பிறகு நூறு வருடம் நம் ஆட்கள் இந்த மரத்தை நட்டார்கள், சீவினார்கள், பால் சுமந்தார்கள். அதன் பலகைக்கு விலை வந்த காலத்தில் தோட்டங்கள் செம்பனைக்கு மாறத் தொடங்கின. அப்புறம் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மரத்தின் பாலை மங்கில் ஏந்தியவர்களுக்கு அதன் பலகையைத் தொட வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது. என் அம்மா அறுபது வயதைத் தாண்டித்தான் இழைத்த ரப்பர் பலகையை முதன்முதலாகக் கையில் தடவிப் பார்த்தார். "இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்?" என்று கேட்டார்.

வெளிர் மஞ்சளில் லேசான ரோஜா நிறம் கலந்த மரம் அது. நடுத்தரக் கடினம். ஆணியும் பசையும் நன்றாகப் பிடிக்கும். கடையில் வாங்கும் பலகையை உற்றுப் பார்த்தால், சின்னச் சின்னத் துண்டுகளை இரு கை விரல்களைக் கோத்தது போல் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பது தெரியும். ரப்பர் மரத்தில் நேரான பாகம் குட்டையானது. நீளப் பலகை கிடைக்காது. அதனால்தான் இந்த ஒட்டு. ஒன்று நினைவில் வையுங்கள்: இது வீட்டுக்குள் வைக்கும் மரம். மழை படும் இடத்தில் வைத்தால் போரான் கரைந்து போய், பழைய கதைதான்.

மேசை எப்படி அமைந்தது

ரௌட்டர் மேசைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் மேசைக்கு, ரௌட்டரைச் சேர்க்காமல், 200 ரிங்கிட்டுக்குள்தான் ஆனது. மேல்பலகைக்கு நான் பயன்படுத்தியது, சமையலறை மேடையில் சிங்க் பொருத்துவதற்காக வெட்டி எடுத்துத் தூக்கிப் போட்ட துண்டு. கேபினெட் செய்பவர்களிடம் கேட்டால் சும்மா தருவார்கள். மேலே வழவழப்பான லேமினேட் இருப்பதால் மரம் இலகுவாக வழுக்கிப் போகும். வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் வார்னிஷ் பூச வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் பூசாத ஓரம் உப்பிவிடும். அடியில் இரண்டு சட்டங்களை நெட்டுக்குத்தாக ஒட்டினேன். மோட்டாரின் எடையில் பலகை தொய்ந்தால் எந்த வெட்டும் நேராக வராது.

நடுவில் ஒரு சதுர ஓட்டை. அதில் உட்காரும் ஓர் அலுமினியத் தட்டு. ரௌட்டர் அந்தத் தட்டில்தான் தொங்கும். ரௌட்டரின் அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துத் தட்டில் திருகு ஓட்டைகளைக் குறித்துக்கொள்ளலாம். தட்டும் மேசையும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முக்கியம். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நான்கு மூலையிலும் உள்ள சிறு திருகுகளைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். மரம் தள்ளிக்கொண்டு போகும்போது தட்டின் விளிம்பில் இடறக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் தெரியும்.

அடுத்தது வழிகாட்டிப் பலகை. 'ஃபென்ஸ்' என்று சொல்வார்கள். மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கு நேரான ஒரு சுவர். இதற்கு விலை உயர்ந்த தண்டவாளங்களும் அளவுகோல்களும் விற்கிறார்கள். எதுவும் கட்டாயம் இல்லை. வட்டரம்ப மேசையில் ஃபென்ஸ் வாளுக்கு இணையாக இருந்தே ஆக வேண்டும். ரௌட்டர் மேசையில் அப்படி இல்லை. பிட் ஒரு வட்டம்தான், ஃபென்ஸ் அதற்கு எந்தக் கோணத்தில் நின்றாலும் வெட்டு ஒன்றுதான். ஆகவே நேரான ஒரு பலகையும் இரண்டு கிளாம்ப்பும் போதும். ஒரு முனையை ஒற்றை போல்ட்டில் ஊன்றிவிட்டு மறுமுனையை மட்டும் நகர்த்தினால் இன்னொரு வசதியும் உண்டு. பிட் நடுவில் இருப்பதால், முனையை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் பிட்டுக்குப் பக்கத்தில் அரை மில்லிமீட்டர்தான் நகரும். நுணுக்கமான அளவு தானாகவே கைக்கு வந்துவிடுகிறது.

பிட்டின் உயரத்தை ஏற்றி இறக்க 'லிஃப்ட்' என்று ஒரு கருவி விற்கிறார்கள். அதன் விலைக்கு இன்னொரு ரௌட்டரே வாங்கலாம். காரில் டயர் மாற்றும் சின்ன ஜாக்கியை ரௌட்டருக்கு அடியில் வைத்துச் சுற்றினால் அதே வேலை நடக்கிறது. உயரத்தைச் சரிபார்க்க டிரில் பிட்டின் தண்டு போதும். 6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டுமானால், 6 மில்லிமீட்டர் தண்டைப் படுக்க வைத்துப் பக்கத்தில் விரலால் தடவிப் பார்க்கலாம்.

பிட் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனமும் அவசரமும் கூடாது. நம் கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டு உள்ள பிட்டும் கால் அங்குலத் தண்டு உள்ள பிட்டும் பக்கத்துப் பக்கத்திலேயே தொங்குகின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கால் அங்குலக் காலெட்டில் 6 மில்லிமீட்டர் பிட்டை மாட்டினால், முறுக்கியது போலத் தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது. சுழலும்போது பிட் மெதுவாக மேலே ஏறும், அல்லது கழன்று பறக்கும். காலெட் என்ன அளவோ அதே அளவு பிட். தண்டை அடிவரை இடிக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு முறுக்க வேண்டும். மாட்டும்போதும் கழற்றும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

மாமாவின் இடது கை

மேசையைப் பார்க்க அம்மாவின் தம்பி வந்தார். தோட்டம் மூடிய பிறகு அவர் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே அவர் நின்றது 'ஸ்பிண்டில் மோல்டர்' என்ற இயந்திரத்தின் முன்னால். அதை ரௌட்டர் மேசையின் பெரியண்ணன் என்று சொல்லலாம். அதே போல் மேசை, அதே போல் அடியில் இருந்து நீட்டிக்கொண்டு சுழலும் வெட்டுமுனை. பலம்தான் பல மடங்கு. மாமாவின் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிட்டன. காப்புத் தகடு பழுதாகி, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலை வாங்கிய ஓர் இரவு ஷிஃப்டில் நடந்தது. சம்பவத்தைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். ஆனால் என் மேசையைப் பார்த்ததும் நிறையப் பேசினார்.

"பாப்பா, இத ஓட்டக் கத்துக்கறதுக்கு முன்னால, இது எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாரு" என்றார்.

தலைகீழாகத் தொங்கும் ரௌட்டரின் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். நம் பக்கம் இருக்கும் வெட்டுவாய் மரத்தை வலப்பக்கமாகத் தள்ளும். ஆகவே நாம் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால்தான் கட்டுப்பாடு நம் கையில். இடமிருந்து வலமாகத் தள்ளினால் பிட் மரத்தை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும். மரத்தின் பின்னாலேயே கையும் போகும். அதைவிட ஆபத்து, மரத்தை ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் சொருகித் தள்ளுவது. அந்தச் சந்தில் போன மரம் அம்பு போல் பாயும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பிட்டை நிமிடத்துக்கு 22,000 சுற்று வேகத்தில் விட்டால், அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே நமக்கு 110தான் அனுமதி. அதனால்தான் பிட் பெரிதானால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவு பிட்டுக்குப் பாதி வேகம் போதும். வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத ரௌட்டரில் பெரிய பிட்டை மாட்டவே கூடாது.

மாமா சொல்லித்தான் மேசைக்குத் துணைக்கருவிகள் சேர்ந்தன. கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவை இல்லை. விரலுக்கும் பிட்டுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தவை. சீப்பின் பற்களைப் போல் வெட்டிய 'ஃபெதர் போர்டு' என்ற பலகை, மரத்தை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும். முன்னால் போக விடும், பின்னால் எகிற விடாது. மீந்த ரப்பர் பலகையிலேயே ஒரு மணி நேரத்தில் இரண்டு செய்தோம். கையால் தள்ளாமல் இருக்க, அடியில் ரப்பர் ஷீட் ஒட்டிய தள்ளுகட்டை ஒன்று. வளைந்த துண்டை ஃபென்ஸ் இல்லாமல் வெட்டும்போது முதலில் சாய்த்துக்கொள்ள, தட்டில் முறுக்கிய ஒரு குட்டை முளை. மேசையின் முன்பக்கம், முழங்காலால் தட்டினாலே அணையும் ஒரு சுவிட்ச். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடத் தொடங்காத வகை அது. இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது, அணைக்க மூன்றாவது கை வேண்டுமே.

"சின்னத் துண்ட சின்னதா வெட்டிட்டு ரௌட்டர்ல காட்டாத. பெரிய பலகையில வேலைய முடிச்சிட்டு, அப்புறம் சின்னதா அறு" என்றார் மாமா. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். "தொழிற்சாலையில எங்களுக்கு இதச் சொல்லிக் குடுக்கலியா"ன்னு கேட்டேன். "சொன்னாங்க. ஆனா கணக்கு கேட்டாங்க" என்றார். எத்தனை துண்டு முடிந்தது என்ற கணக்கு. வீட்டில் வேலை செய்யும் நமக்கு அந்தக் கணக்கு கேட்க யாரும் இல்லை. அந்த ஒரு சலுகைக்காகவாவது அவசரப்படாமல் இருக்கலாம்.

காதும் தொண்டையும்

ரௌட்டரின் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். கடின மரத்தில் 100 வரை போகும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் காது தாங்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். நம் நாட்டில் 2019இல் வந்த வேலையிடச் சத்த விதிமுறைகளும் 85 டெசிபலைத்தான் வரம்பாக வைத்திருக்கின்றன. காதால் பிழைக்கும் எனக்கு இது விளையாட்டு இல்லை. பாடலின் ஒலியளவு ஒரு மயிரிழை ஏறினாலும் கேட்டுச் சொல்ல வேண்டிய காது இது. காது மூடி இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை.

தொண்டை அடுத்தது. ரௌட்டர் தள்ளுவது சுருள் சீவல் இல்லை, மாவு போன்ற தூசு. மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. மூக்கு, மூக்கைச் சுற்றியுள்ள அறைகள் இரண்டையும் அது தாக்கும். ஃபென்ஸுக்குப் பின்னால் ஓர் ஓட்டை போட்டு வேக்கம் குழாயைச் சொருகினால் பெரும்பகுதி தூசு அங்கேயே போய்விடும். மீதிக்கு என்95 முகக்கவசம். கோவிட் காலத்தில் வாங்கி அடுக்கியவை இன்னும் மிச்சம் இருந்தால், இதைவிட நல்ல செலவு இல்லை.

தொடர்வீட்டில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், ஒரு மணி நேரம் மட்டும். பாங்கு சொன்னால் நிறுத்திவிடுவேன். தீபாவளிக்கு முறுக்கோடு ஒரு தட்டுத் தாங்கியும் செய்து கொடுத்தேன். இப்போது அவர்தான் தன் சமையலறை அலமாரிக் கதவைக் காட்டி, "இதுக்கு ஓரம் போட முடியுமா?" என்று கேட்கிறார்.

சீவலைப் பிடித்துப் பார்த்த கை

மாடத்தின் பக்கப் பலகைகளில் பின்தட்டு சொருக 6 மில்லிமீட்டர் ஆழத்தில் பள்ளம் வேண்டும். ஒரே தடவையில் அவ்வளவு ஆழம் போனால் மரம் கருகும், பிட் சூடாகும், கை உதறும். இரண்டு இரண்டு மில்லிமீட்டராக மூன்று முறை போவதுதான் முறை. வானொலியில் நேரலைக்கு முன் ஒலியைச் சோதிப்பது போல, முதலில் மீந்த துண்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வெட்டின ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு மெல்லிய சிம்பை எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"இது நான் சீவுற பட்டைய விட தடிப்பா இருக்கு" என்றார்.

வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தேன். 1.9 காட்டியது. "நீங்க எவ்வளவு சீவுவீங்க?" என்று கேட்டேன். அவர் அளவு சொல்லவில்லை. பேப்பர் வெட்டும் கத்தியை எடுத்து, அட்டைப் பெட்டியின் ஓரத்தில் மூன்று முறை சீவிக் காட்டினார். அளந்து பார்த்தேன்: மூன்றும் ஒன்றரைக்கு ஒட்டியே இருந்தன.

பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. ஒரு முறை சீவும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போக வேண்டும் என்பதுதான் ரப்பர் தோட்டத்தின் அளவு. பட்டையின் உள்ளே பால்குழாய்கள் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய ஓர் அடுக்கு. பால்குழாய்களை வெட்ட வேண்டும், அந்த அடுக்கைத் தொடக் கூடாது. நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் போலத்தான். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், மறுபடி சீவ முடியாது. கோடு 30 பாகைச் சாய்வில், இடப்பக்கம் மேலாக, வலப்பக்கம் கீழாக இறங்க வேண்டும். இதையெல்லாம் விடிவதற்கு முன்னால், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நானூறு, ஐந்நூறு மரத்தில் ஒரு நாளில் செய்ய வேண்டும். ஃபென்ஸ் இல்லை. அளவுகோல் இல்லை. ஆழத்தை நிறுத்தும் திருகு இல்லை. கையும் சீவுகத்தியும் மட்டும்.

இந்த வேலைக்கு ஊரில் என்ன பெயர்? "தோட்டத்துல மரம் வெட்டப் போனாங்க." சம்பளப் பட்டியலில் அது திறன் தேவைப்படாத உடலுழைப்பு. நான் கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று எழுதச் சொன்னவரும் அம்மாதான். அவர் கையில் இருந்ததை ஒரு தொழில் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அரை மில்லிமீட்டர் துல்லியத்துக்காக நான் ஜாக்கி, போல்ட், வெர்னியர் என்று சேர்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அந்தத் துல்லியத்தை இருபது வருடம் கையாலேயே செய்து, மாதக் கடைசியில் கிராணியின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று சம்பளம் வாங்கினார்.

அன்று முதல் ஆழத்தை முடிவு செய்வது அம்மாதான். நான் ஜாக்கியைச் சுற்றுவேன், மீந்த துண்டில் ஓட்டுவேன். அவர் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்பார், அல்லது "போதும், காயம் பண்ணாத" என்பார். ஃபென்ஸின் மறுமுனையை நகர்த்தும் தந்திரத்தைச் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சீவுகத்தியின் பிடியை நுனியில் பிடித்தால் வாய் கொஞ்சமாகத்தான் அசையும் என்றார்.

மாடம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. விளிம்புகளுக்கு 6 மில்லிமீட்டர் வளைவு பிட், பின்தட்டுக்குப் பள்ளம், மேலே ஒரு சின்னக் கோபுரத்தின் வெட்டு. விளக்கு வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு கருங்கல் ஓடு பதித்திருக்கிறோம். மரத்தின் மேல் நேராக விளக்கு வைக்காதீர்கள். மேலே நிறம் பூச வேண்டாம் என்றார் அம்மா, எண்ணெய் மட்டும் போதும் என்று. "பால் மரம்னு தெரியட்டும்."

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ரௌட்டர் மேசை தேவைப்படாமல் போகலாம். தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் நல்ல பிட், நேரான ஒரு பலகை, காது மூடி, முகக்கவசம், தள்ளுகட்டை. மற்றதெல்லாம் வேலை கேட்கும்போது ஒவ்வொன்றாக வரட்டும். எல்லோருக்கும் இன்னொரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் பால் சீவிய கை, செம்பனைக் குலை தள்ளிய கை, பட்டறையில் ஆணி அடித்த கை ஏதாவது ஒன்று நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கையில் ஒரு கத்தியையோ உளியையோ கொடுத்து, எப்படிச் செய்வீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். அவர்கள் அளவு சொல்ல மாட்டார்கள். நீங்கள் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.